ஒருவேளை கேபிள் சரியில்லையோ

மறுபடியும் அதே வரிகள். புதிதாக ஏதோ செருகியிருக்கிறார்கள், அது என்ன என்று படிக்க முடியவில்லை, பிழை எழுபத்தொன்று, இன்னொரு தடவை முயல்கிறேன், முடியவில்லை, மின்சாரத்தை நிறுத்திப் போட்டுப் பார்க்கிறேன், முடியவில்லை, ஒருவேளை கேபிள் சரியில்லையோ. கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் இங்கிலீஷில் எழுதுவதை மனதுக்குள் இப்படித்தான் படித்துக்கொள்கிறேன், கடைசி வரி வரும்போது மட்டும் எரிச்சலுக்கு நடுவிலும் சிரிப்பு வருகிறது, ஒருவேளையாம். கம்ப்யூட்டர் என்றால் உண்டு இல்லை என்று அடித்துச் சொல்லும் என்று நினைத்திருந்தேன், இது என்னடாவென்றால் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த சொந்தக்காரர் மாதிரி ஒருவேளை அதுவாக இருக்குமோ என்று இழுக்கிறது. கேபிளை மாற்றியாயிற்று. மாற்றிய கேபிளை எடுத்துவிட்டுப் பழையதையே போட்டாயிற்று. ஹப்புக்குத் தனியாக வரும் அடாப்டரைக் கழற்றி, மீட்டர் வைத்து ஐந்து வோல்ட் வருகிறதா என்று பார்த்து, திரும்பவும் மாட்டியாயிற்று. வருகிறது, நன்றாகவே வருகிறது. ஹப்பில் மாட்டியிருந்த மற்ற ஒயர்களையும் உருவிப் போட்டாயிற்று. மேசைக்குக் கீழே குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்தால் கட்டிலில் கிடக்கும் பெண்டாட்டி சாந்தாமணியின் முகத்தைப் பார்க்க வேண்டும், அதனால் இடுப்பு வலித்தாலும் கீழேயே இருக்கிறேன், இங்கிருந்து பார்த்தால் கட்டிலின் கால்கள், காற்று மெத்தையின் மோட்டார், சுவரோரம் நேற்றைய பொரியில் சிதறிப்போன நாலைந்து, இவ்வளவுதான் தெரியும். பெருக்க வேண்டும். அப்புறம் பெருக்கிக்கொள்ளலாம், முதலில் இது.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு, அதுதான் கம்ப்யூட்டர். மகள் புவனா வாங்கி அனுப்பினாள், இணையத்தைப் பார்த்துப் பார்த்து நான் பூட்டினேன். லிஃப்ட் சர்வீஸில் காலம் தள்ளியவனுக்கு ஒயரும் போர்டும் பயமில்லை, இந்தக் கட்டளைகள்தான் ஆரம்பத்தில் வாயில் நுழையவில்லை. போர்டில் யுஎஸ்பி சாக்கெட் ஒன்றே ஒன்று. எங்களுக்கு வேண்டியதோ பொத்தான் ஒன்று, ஸ்பீக்கர் ஒன்று, என் கீபோர்டு ஒன்று. அதனால் நடுவில் ஒரு ஹப், ஒன்றை நாலாக்கும் கறுப்புப் பெட்டி. பொத்தான் சாந்தாமணியின் வலது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும். உடம்பில் அவள் சொன்னபடி கேட்பது கண்ணையும் இமையையும் விட்டால் அந்த ஒரு விரல்தான். நரம்பு நோய் முதலில் கையை எடுத்தது, அப்புறம் காலை, அப்புறம் பேச்சை, இப்போது விழுங்குவதை எடுத்துக்கொண்டிருக்கிறது. திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக வெளிச்சமாகிக்கொண்டே போகும், வேண்டிய வரிசை வரும்போது அழுத்துவாள், அப்புறம் வேண்டிய எழுத்து வரும்போது அழுத்துவாள். ஒரு வாக்கியம் முடிந்ததும் ஸ்பீக்கர் அதைப் படிக்கும், யாரோ ஒரு பெண்ணின் குரலில், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு போல. அதைக் காதால் கேட்டால்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போவாள். பேசிவிட்டேன் என்ற திருப்தி அப்போதுதான் அவளுக்கு. இப்போது திரையில் ஒரே ஒரு சொல் நிற்கிறது. எனக்கு. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, மின்னி அணைந்து, மின்னி அணைந்து.

எனக்கு. எனக்கு என்ன? காலையில் டாக்டரம்மா போன் செய்தார். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்பதென்றால் இப்போதே வைத்துவிட வேண்டும், இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்றார். "மூச்சு இன்னும் கொஞ்சம் கொறஞ்சுட்டா மயக்க மருந்தே குடுக்க முடியாதுங்க. அப்பறம் நீங்க கேட்டாலும் எங்களால செய்ய முடியாது. அவங்களையே கேட்டுச் சொல்லுங்க." அவளையே கேள் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான், மற்ற எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள். போனை வைத்துவிட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். குழாய் வைத்தால் வயிற்றுக்குச் சாப்பாடு போகும், உடம்பு தாங்கும், நாள் கூடும். வைக்காவிட்டால் என்ன என்பதைச் சொல்ல வரவில்லை, அவளுக்குத் தெரியும். இரண்டு வாரமாகக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தாலே புரையேறி முகம் கறுத்துப்போகிறது, ஒவ்வொரு கரண்டிக்கும் அவள் தொண்டையைப் பார்த்தபடி நானும் எச்சில் விழுங்குகிறேன். அவள் விரல் அசைய ஆரம்பித்தது. எ. ன. க். எனக்கு என்று முடித்துவிட்டு ஓர் இடைவெளி விட்டாள். அந்த இடைவெளியில் நான் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே, எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனேன், பக்கத்தில் போனால் சீக்கிரம் வந்துவிடுமா, கால் ஒயரில் சிக்கி ஹப்பிலிருந்து கேபிள் பிடுங்கிக்கொண்டது. உடனே செருகினேன், அழுத்தித்தான் செருகினேன். அதிலிருந்து பிழை எழுபத்தொன்று.

எனக்குப் போதும். அப்படித்தான் வரும் என்று ஏன் நினைக்கிறேன்? எனக்கு வேண்டாம் என்றும் வரலாம். எனக்குத் தெரியாது என்றுகூட வரலாம், ஆனால் அவள் தெரியாது என்று சொல்கிறவள் இல்லை, எதற்கும் ஒரு முடிவு வைத்திருப்பாள், கல்யாணப் புடவையைக்கூட கடைக்குள் நுழைந்ததும் கை நீட்டி அதுதான் என்றவள். போதும். எத்தனை தடவை அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பாள், சோறு போடும்போது, பூ வாங்கும்போது, நான் சண்டைக்கு இழுக்கும்போது, போதுமுங்க, விடுங்க. கோயமுத்தூர்க்காரி, எதற்கும் ஒரு ங்க போடாமல் வாய் மூடாது. இந்த மெஷின் வந்த பிறகுதான் ங்க போனது. இரண்டு எழுத்து மிச்சம் பிடிக்கலாமே என்று முதல் வாரத்திலேயே விட்டுவிட்டாள். வா என்று ஸ்பீக்கர் சொன்னபோது அடுக்களையில் இருந்த எனக்கு யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று தோன்றியது, வந்து பார்த்தால் கண்ணால் சிரித்துக்கொண்டிருக்கிறாள். தண்ணி குடு. ஃபேன் போடு. நீ தூங்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு பெண்டாட்டி நீ என்கிறாள். எனக்கு அது பிடித்திருந்தது. வெளியே யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் பிடித்திருந்தது. இப்போது அவள் என்னை நீ என்றும் சொல்லவில்லை நீங்க என்றும் சொல்லவில்லை, எனக்கு என்று தன்னைப் பற்றித் தொடங்கினாள், அதில் போய்க் காலை வைத்தேன்.

ஹப்போடு என் கீபோர்டும் போய்விட்டது, வைஃபையில் போர்டோடு இணைத்திருக்கும் மடிக்கணினியில் மறுபடி கட்டளையைத் தட்டுகிறேன். செருகியிருக்கும் கருவிகளின் பட்டியல் கேட்டால் போர்டு தன்னை மட்டும் காட்டுகிறது, வேறு ஒன்றுமில்லை. இணையத்தில் ஒருவன் மென்பொருளைப் புதுப்பி என்கிறான், இன்னொருவன் ஹப்பைத் தூக்கிப் போடு என்கிறான், முக்கால்வாசிப் பேர் போர்டை அணைத்துப் போடு என்கிறார்கள். அணைத்தால் அந்தச் சொல் போய்விடும். திரும்ப எழுத அவளுக்குத் தெம்பிருக்கிறதா என்று தெரியவில்லை, மத்தியானம் ஆனால் விரல் சோர்ந்துவிடும். அது மட்டும் காரணமா? இருக்கட்டும், அணைக்கவில்லை. பிழை எழுபத்தொன்று என்றால் என்னவென்று தேடினேன், பேச்சுவார்த்தை ஒழுங்காக நடக்கவில்லை என்று அர்த்தமாம். அந்தப் பக்கம் யாரோ இருப்பது தெரிகிறது, நீ யார் என்று கேட்டால் பதில் உருப்படியாக வரவில்லை. நல்லது. இதைச் சொல்லத் தனியாக ஒரு எண் வேறு.

எழுந்துவிட்டேன், முழங்கால் சத்தம் போட்டது. அவள் பார்வை என்மேல் வந்து, என்னைவிட்டுக் கட்டிலின் ஓரத்துக்குப் போய், திரும்பவும் என்மேல் வந்தது. "ஆயிரும் சாந்தா, கொஞ்சம் பொறு," என்றேன். கண்ணை மூடித் திறந்தால் ஆமாம், மேலே பார்த்தால் இல்லை, அது எங்களுக்கு இன்னும் மிச்சமிருக்கும் பேச்சு. கேட்டுவிடலாம். குழாய் வெச்சரலாமா சாந்தா, ஆமாவா இல்லையா. ஒரு நொடி வேலை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டு நான் படுத்துத் தூங்கலாம். இரண்டு தடவை வாய் திறந்தேன், இரண்டு தடவையும் அவள் பார்வை என்னைவிட்டுக் கட்டிலோரத்துக்குப் போய்விட்டது. வேண்டாம் என்கிறாள், இப்படிக் கேட்காதே என்கிறாள். முன்னால் ஒருநாள் நான் சரமாரியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், வலிக்கிறதா, வேர்க்கிறதா, திருப்பிப் படுக்க வைக்கட்டுமா, டிவி வேண்டுமா. அவள் வெகுநேரம் எடுத்து எழுதினாள். ஆமா இல்லைன்னு சொன்னா அது உன் பேச்சு. நான் பேசணும். ஸ்பீக்கர் அதை ரயில் குரலில் படித்தது. அதற்கு முன்னால் அட்டை ஒன்று இருந்தது, எழுத்துகளை நானே எழுதி வைத்தது, விரலால் தொட்டுக்கொண்டே போவேன், வேண்டிய இடத்தில் இமைப்பாள். ஆனால் என்னால் பொறுக்க முடியாது, பாதியிலேயே நான் முடித்துவிடுவேன், அவள் என்னமோ சொல்ல வர நான் தண்ணீர் கொண்டுவந்து நிற்பேன். மெஷின் வந்த அன்றைக்கு அந்த அட்டையைக் கிழித்துப் போடச் சொன்னாள், கிழித்தேன். மெஷினுக்கு அவசரமில்லை, அதற்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் முடித்துவைக்காது.

தூக்கம் கண்ணை அழுத்துகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான், அலாரம் அடிக்குமுன்பே விழித்துக்கொள்ள உடம்பு பழகிவிட்டது, இப்போது அலாரம் இல்லாத நேரத்திலும் விழித்துக்கொள்கிறது. குழாய் வைத்தால் இது இன்னும் எத்தனை மாதம்? இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? ஹப்பைக் கையில் எடு, மடிக்கணினியில் செருகிப் பார். போர்டு கெட்டதா ஹப் கெட்டதா என்று அதில் தெரிந்துவிடும். செருகினேன். மடிக்கணினியிலும் ஹப்பைக் காணோம். அப்படியானால் போர்டின்மேல் தப்பில்லை, கேபிள்மேலும் இல்லை, ஹப்தான். ஹப்பைத் திருப்பிப் பார்த்தேன், நடு நெற்றியில் சந்தனம், சந்தனத்துக்கு நடுவில் குங்குமம். நேற்று ஆயுத பூஜை. ஸ்பேனருக்கு, டெஸ்டருக்கு, டிரில்லுக்கு, ஸ்கூட்டருக்கு, அடுக்களையில் மிக்ஸிக்கு என்று வீட்டில் திருகும் சுற்றும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுத் தட்டோடு அடுக்களைக்குப் போகும்போது ஸ்பீக்கர் கூப்பிட்டது. இதுக்கும் வை. இதுக்கா என்று கேட்டேன். இதுதான் என் ஆயுதம் என்றாள். குழைத்த சந்தனம் கொஞ்சம் தண்ணியாகிவிட்டிருந்தது, பொட்டு வைக்கத் தெரிந்த கை அவளுடையது, என் கை ஒரு தீற்றாகத் தீற்றிவிட்டது. திரைக்கு, போர்டின் டப்பாவுக்கு, ஹப்புக்கு. வழிந்ததைத் துடைத்தேன். துடைத்தேனா? விளக்கருகில் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். கேபிள் செருகும் சாக்கெட்டின் விளிம்பில் மஞ்சளாக ஒரு கோடு, உள்ளே போகிறது. காலையில் கேபிள் பிடுங்கிக்கொண்டு வந்தபோது நான் பதறி அழுத்திச் செருகினேனே, விளிம்பில் காய்ந்திருந்த சந்தனம் முழுக்க உள்ளே போயிருக்கிறது. பூஜை போட்டதில் நின்றுபோன மெஷின். சிரிப்பதற்குத் தெம்பில்லை.

அவளிடம் காட்டினேன். "சந்தனம் உள்ள போயிருச்சு சாந்தா. நீ வெக்கச் சொன்ன பொட்டுதான்." கண் சிரித்தது, கொஞ்சம்தான், சிரித்துவிட்டுத் திரும்பவும் கட்டிலோரத்துக்குப் போனது. ஊசி முனையால் சுரண்டினேன், துகள் துகளாக வந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு உள்ளே விட்டுத் துடைத்தேன், வாசனை அடித்தது, சந்தனமும் ஆஸ்பத்திரியும் கலந்த வாசனை. சந்தனத் தண்ணி உள்ளே வரைக்கும் ஊறியிருக்கும், இன்னும் இரண்டு தடவை ஸ்பிரிட்டில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் செருக வேண்டும், ஈரத்தோடு செருகினால் மொத்தமும் போய்விடும். வெயிலில் வைத்தால் ஒரு மணி நேரமாகும், ஒன்றரைகூட ஆகலாம். ஜன்னல் கட்டையில் செய்தித்தாளை விரித்து ஹப்பை வைத்தேன். வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். அப்பாடா என்று வந்தது, காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. காரணம் தெரிந்துவிட்டது, வேலை முடிந்தது, இனி காய வேண்டியதுதான், அதுவரை நான் செய்ய ஒன்றுமில்லை. ஒன்றரை மணி நேரம். இன்னும் கூடவே ஆகட்டும். வெயில் கொஞ்சம் மங்கினால்கூடப் பரவாயில்லை.

மங்கினால் பரவாயில்லையா? சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், பெண்டாட்டி ஒரு சொல்லோடு நிற்கிறாள், நான் ஹப் காயாமல் இருந்தால் தேவலை என்று உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று என்னையே கேட்டால் பதில் உடனே வருகிறது, அதற்குப் பிழை எண் ஒன்றும் வரவில்லை. ஹப் காய்ந்துவிட்டால் போதும் என்று அவள் எழுதிவிடுவாள். எழுதாதவரைக்கும் எழுதவில்லை. வெறும் அதுதானா, இன்னொன்றும் இருக்கிறது, போதும் என்று எழுதாமல் குழாய் வை என்று எழுதினாலும் எனக்குப் பயமாக இருக்கிறது, இந்தத் தூக்கமில்லாத நாட்கள் இன்னும் நீளும், நான் தாங்குவேனா. இரண்டு பதிலையும் கேட்க எனக்கு மனசில்லை. அதனால் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று கூப்பிட்டால் நேராக மோட்டார் அறைக்கு ஓடக் கூடாது, முதலில் கதவைத் தட்டி உள்ளே இருப்பவரிடம் பேசு, பேசிக்கொண்டே இரு, அப்புறம் மெஷினைப் பார். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் சொல்லிக்கொடுத்தது. இருட்டுக்குள் இருப்பவருக்கு முதலில் வேண்டியது மெக்கானிக்கின் குரல். காலையிலிருந்து நான் இவளோடு என்ன பேசினேன்? ஆயிரும், பொறு. கீழே குனிந்துகொண்டு மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் அங்கேதான் படித்தது, எங்கே கோளாறு என்று தெரியாவிட்டால் நடுவில் இருப்பதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துப் பார். கதவு ஸ்விட்சில் சந்தேகமா, அதைத் தாண்டி ஒயரைக் கொடு. அரிச்சுவடிப் பாடம்.

நடுவில் இருப்பதைக் கழற்றிவிட்டு நேராக. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள், பார்வையை மெதுவாகக் கட்டிலோரத்துக்குக் கொண்டுபோனாள், நான் இந்தத் தடவை அது போன இடத்துக்குப் போனேன். அங்கே சட்டத்தைச் சுற்றி அவளுடைய பொத்தானின் ஒயர் தொங்குகிறது, நுனியில் பிளக். மேசையில் போர்டு, அதில் காலியாக ஒரு சாக்கெட். காலையிலிருந்து அந்த ஒயரைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு என் கேள்வி பிடிக்கவில்லை என்று நானே முடித்துவைத்துக்கொண்டேன், அட்டை காலத்துப் புத்தி. ஸ்பீக்கர் இல்லாவிட்டால் என்ன, கீபோர்டு எனக்குத்தானே, அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பொத்தான், இருப்பது ஒரு சாக்கெட். வெட்கமாக இருந்தது. வெட்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிளக்கை எடுத்து போர்டில் செருகினேன், அவசரத்தில் தலைகீழாகப் பிடித்திருந்தேன், திருப்பிச் செருகினேன். மடிக்கணினியில் வரிகள் ஓடின. புதிதாக ஒரு கருவி, படித்தாயிற்று, இன்னது. ஒருவேளை என்ற வரி வரவில்லை. திரையில் எழுத்துகளின்மேல் வெளிச்சம் நகர ஆரம்பித்தது.

இந்தத் தடவை நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கால்களை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவள் விரல் சோர்ந்திருந்தது, வேண்டிய எழுத்து இரண்டு சுற்று போன பிறகுதான் பிடிபட்டது, நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைக்கிறார்கள், மாலையோடு போகும், இன்றைக்கு எல்லா வண்டியும் மாலையோடு போகும். கடைசி எழுத்து விழுந்தது. அவள் என்னைப் பார்த்துக் காத்திருந்தாள். எதற்கு? அப்புறம்தான் புரிந்தது, ஸ்பீக்கர் இல்லை, காதால் கேட்காமல் அவள் அடுத்ததுக்குப் போக மாட்டாள், நான்தான் படிக்க வேண்டும். திரையில் இருந்ததை என் வாயால் படித்தேன்.

"எனக்குப் பயமா இருக்கு."

என் குரல்தான். வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறேன், வேர்க்கிறதா என்று கேட்டிருக்கிறேன், இத்தனை மாதத்தில் பயமாக இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்கவில்லை, கேட்டால் ஆமாம் என்றுவிடுவாளோ என்று கேட்கவில்லை. விரல் மறுபடி அசைந்தது. நான் எதையும் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். ஒரே சொல், அதற்கப்புறம் கேள்விக்குறி, கேள்விக்குறி கடைசி வரிசையில் கடைசியாக இருக்கிறது, வெளிச்சம் அங்கே போய்ச் சேரும்வரை அவள் காத்திருந்து அழுத்தினாள். அதையும் படித்தேன்.

"உனக்கு?"

கேள்வி கேட்பது என் வேலையாக இருந்தது, அவள் கேட்டு நான் பதில் சொல்லி எவ்வளவு நாளாகிறது. ஆமாவா இல்லையா என்றால் ஆமா. ஆனால் அவளுக்கு அது பற்றாது என்று தெரியும். "எனக்கும் பயமா இருக்கு சாந்தா," என்றேன். "வெச்சாலும் பயமா இருக்கு, வெக்கலைன்னாலும் பயமா இருக்கு. நான் ரொம்ப அலுத்துப் போயிருக்கேன். தாங்குவனான்னே தெரியல." சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், இடது கையை, வலது கைக்கு வேலை இருந்தது. அவள் கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துவிட்டேன், என்னுடையதையும் துடைத்துக்கொண்டேன். வெளிச்சம் எழுத்துகளின்மேல் ஓடி ஓடித் திரும்பியது, அவள் அழுத்தாமல் படுத்திருந்தாள். அது எத்தனை சுற்று போனது என்று நான் எண்ணவில்லை. பிறகு விரல் அசைந்தது, மெதுவாக, ஓர் எழுத்துகூட விடாமல். நான் பாதியில் முடித்துவைக்கவில்லை. முடிந்ததும் படித்தேன்.

"குழாய் வெக்கச் சொல்லு. புவனாவ வரச் சொல்லு. நீ தூங்கு."

சரி என்றேன். அதைச் சொல்ல எனக்குக் குரல் உண்டு, ஸ்பீக்கர் வேண்டாம். ஒரு கையால் போனை எடுத்து டாக்டரம்மாவுக்குப் போட்டேன், மணி போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் கட்டையில் ஹப் காய்ந்துகொண்டிருந்தது.